இடது பக்கம் மூன்றாவது குழாய்

"எழுத்துல குடுங்க சார்."

வேலையில் சேர்ந்த அன்று காலை, செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவளிடம் அப்பா ஒன்றே ஒன்றுதான் சொல்லி அனுப்பியிருந்தார். "லீவு கேளு. மேசை கேளு. ஃபேன் கேளு. 'எழுத்துல குடுங்க'ன்னு மட்டும் எந்த அதிகாரிகிட்டயும் கேட்டுடாத. முப்பது வருஷமா ஆபீஸ் ஆபீஸா குழாய் மாட்டுறேன், எல்லாத்தையும் பார்த்துட்டேன். அதைக் கேட்டவன் எவனும் ஒரு வருஷம் தாண்டினது இல்ல."

அவளுக்குப் பதினோரு மாதம் முடிந்திருந்தது. இன்னும் ஒரே மாதம், வேலை நிரந்தரமாகிவிடும். அதற்கான கோப்பு மேலாளரின் மேசையில், குவியலின் உச்சியில், கையெழுத்துக்குக் காத்துக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டாள்.

மேலாளர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "என்னத்த எழுத்துல குடுக்கணும்?"

"இப்ப சொன்னீங்களே, அதை. நம்ம தண்ணியோட நம்பரைப் பக்கத்து ஊர் பேர்லயும், அவங்க தண்ணியோட நம்பரை நம்ம பேர்லயும் மாத்திப் போடச் சொன்னதை. ரெண்டு வரி போதும். கீழ கையெழுத்து, தேதி."

"ஏம்மா டிகிரி, இதையெல்லாம் யாராவது எழுதித் தருவாங்களா?"

"எழுதித் தர முடியாத வேலையை நான் ஏன் சார் செய்யணும்?"

மேலாளர் கையை நீட்டினார். அவளுடைய கோப்பை உச்சியிலிருந்து எடுத்து, குவியலில் நான்காவதாகச் செருகினார்.

குடிநீர்த் துறை ஆய்வகத்தில் எல்லோரும் அவளை 'டிகிரி' என்றுதான் கூப்பிட்டார்கள். அங்கே வேதியியல் பட்டம் வைத்திருந்தது அவள் ஒருத்திதான். மேலாளர் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவ வந்து, கழுவிக் கழுவியே மேலாளர் ஆனவர். தண்ணீரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து "நல்லாருக்கு" என்பார். இருபது வருடம் அதுதான் ஆய்வறிக்கை. பிறகு, பட்டதாரியின் கையெழுத்து இல்லாத அறிக்கை செல்லாது என்று சட்டம் வந்தது. சட்டத்தின் பின்னாலேயே அவளும் வந்தாள். அவள் வீட்டில் கல்லூரிக்குள் போன முதல் ஆள் அவள். அப்பாவும் போயிருக்கிறார், மூன்றாவது மாடியில் குழாய் ஒழுகியபோது.

இப்போது வந்திருந்த வம்பு மேயரின் ஆசையால் வந்தது. நகரத்தின் எல்லையில் ஆளுயரப் பலகை ஒன்று நிறுத்தப்போகிறார். 'குழாய்த் தண்ணீர்: இரு நகரங்கள், ஓர் ஒப்பீடு' என்று தலைப்பு. இடது பக்கம் நம் நகரம், வலது பக்கம் பக்கத்து நகரம். அடியில் சிவப்பு எழுத்தில் 'வென்றது நாமே!' பெயின்டர் அதை ஏற்கெனவே எழுதிக் காயவும் வைத்துவிட்டார். எண்களுக்கு மட்டும்தான் இடம் விட்டிருந்தது.

எண்கள் வந்தபோது வென்றது அவர்கள்.

நம் தண்ணீரில் கலங்கல் ஆறு, அவர்களுடையதில் அரை. கிருமியைக் கொல்லும் குளோரின் நம்முடையதில் பேருக்குக்கூட இல்லை. அவர்களுடையதில் எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவு. அவர்கள் தண்ணீரில் கிருமி இல்லை. நம்முடையதில் கிருமி குடும்பம் குட்டியோடு குடியிருந்தது.

இதில் சந்தேகப்பட இடமே வைக்காதபடி அவள் வேலை செய்திருந்தாள். நம் ஊர்த் தண்ணீரை, கொதிக்க வைத்த பாட்டிலில், கைக்கடிகாரத்தைப் பார்த்து அவளே பிடித்தாள். மூன்று மணி நேர தூரத்தில் இருந்த பக்கத்து நகரத்துத் தண்ணீரை ஜீப் டிரைவர் பிடித்து வந்தார். அவருக்கென்று அவள் ஒரு படிவம் தயாரித்திருந்தாள். இரண்டு பக்கம், இருபத்திரண்டு கேள்வி. அந்த ஆபீஸில் முணுமுணுக்காமல் படிவம் நிரப்புகிற ஒரே ஆள் டிரைவர்தான். ஒரு கேள்வியைக்கூடக் காலியாக விடமாட்டார். 'குழாயின் நிலை' என்ற கேள்விக்கு எதிரே 'பித்தளை, பளபளப்பு, லேசாகச் சொட்டுகிறது' என்று எழுதியிருந்தார். அந்தச் சொட்டுக்காகவே அவள் அவரை நம்பினாள்.

"எனக்கு ஒத்துக்கல," என்றார் மேலாளர். "நான் பிறந்த ஊரும்மா அது. அந்தத் தண்ணியில சோப்பு நுரைக்காது. நீ போட்டிருக்கிற கடினத்தன்மை நமக்கும் அவங்களுக்கும் அச்சா ஒண்ணா இருக்கே?"

"ரெண்டு ஊரும் ஒரே ஆத்துல தண்ணி எடுக்குது சார். ஒண்ணாத்தான் இருக்கும்."

"நான் பிறந்த ஊருன்றேன்!"

"பிறந்தது ஆதாரம் இல்ல சார். ஃபாரம் இருக்கு."

மேலாளர் யோசித்தார். யோசிக்கும்போது அவர் மூக்கைச் சொறிவார். "சரி. உண்மையாவே ஜெயிப்போம். நீ கடைக்கோடித் தெருவுல போய்ப் பிடிச்சா எப்படி நல்லாருக்கும்? நல்ல குழாயா பார்த்துப் பிடி. வா, எங்க வீட்டுல பிடி."

கடைக்கோடித் தெரு அவள் வீடு இருந்த தெரு. அதை அவர் வேண்டுமென்றே சொல்லவில்லை. ஞாபகம் இல்லாமல்தான் சொன்னார். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மேலாளர் வீட்டுச் சமையலறையில் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்தாள். உப்பின் அளவு ஒன்பது என்று வந்தது. மறுபடி பார்த்தாள். ஒன்பதேதான்.

"ஒன்பதா? அவங்களுக்கு எவ்வளவு?"

"இருநூத்தி முப்பது."

"அடிச்சோம் பாரு!" மேலாளர் அதற்குள் போனை எடுத்து மேயரிடம் சொல்லியும் விட்டார்.

"சார், வைங்க போனை. குழாய்த் தண்ணி ஒன்பது வராது. இது பேட்டரியில ஊத்துற தண்ணி. உங்க வீட்டு சிங்குக்கு அடியில என்ன மெஷின் இருக்கு?"

மேலாளர் கதவைச் சாத்தினார். "அது... வீட்டுல வாங்கி வெச்சது."

"குடிநீர்த் துறை மேலாளர் வீட்டுல, குடிநீரைச் சுத்தம் பண்ற மெஷின்."

"கத்தாத. கொஞ்சம் மெதுவாக் கத்து."

மேயருக்கு மெதுவாகப் பேசிப் பழக்கமில்லை. அன்று மாலையே ஒரு கூட்டத்தில், நம் நகரத்துத் தண்ணீரில் உப்பே கிடையாது என்று மைக்கில் முழங்கிவிட்டார். மறுநாள் காலை ஆய்வகத்துப் போன் ஓயவில்லை. "உப்பே இல்லன்னா என் பக்கெட்டுல வெள்ளையா படிஞ்சிருக்கிறது என்ன, சர்க்கரையா?" என்று கேட்டார் ஒருவர். பதினாறு பேருக்கும் பதில் சொன்னது அவள்தான். மேலாளர் அவ்வளவு நேரமும் கழிப்பறையில் இருந்தார்.

வெளியே வந்தவர் புது யோசனையோடு வந்தார். "நம்ம ஆபீஸ் தெருக் குழாய்லயே பிடிப்போம். குளோரின்தானே இல்ல? போட்டாப் போச்சு. தெரு முனையில வால்வுத் தொட்டி இருக்கு, அதுல ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடர்."

"ஒரு மூட்டையா? ஒரு தெருவுக்கு?"

"அரை மூட்டை போட்டா நம்மளைக் கஞ்சன்னு சொல்லுவாங்க."

அவள் கேட்டைத் தாண்டித் தெருவுக்கு வருவதற்குள் மூட்டை காலி. குழாயைத் திறந்தபோதே நீச்சல் குளத்து வாடை அடித்தது. ஆய்வகத்தில், சின்னக் குப்பியில் அந்தத் தண்ணீரை ஊற்றி மாத்திரையைப் போட்டாள். குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பு நிறம் வரும். வந்தது, ஒரு நொடி. பளிச்சென்று சிவந்து, அப்படியே வெளுத்து, ஒன்றுமில்லாத தண்ணீராக நின்றது.

அளவு மீறிப் போனால் குளோரின் அந்த நிறத்தையே தின்றுவிடும். அது பாடப் புத்தகத்தில் இருக்கிறது. மேலாளர் புத்தகத்தில் இல்லை.

"நிறமே வரலையே! பத்தல!" ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினார். "இன்னொரு மூட்டை கொட்டுங்கடா!"

"சார், நிறுத்துங்க! அது பத்தாம இல்ல, மிஞ்சிப்போய்—"

"கொட்டியாச்சு சார்!" என்று தெருவிலிருந்து பதில் வந்தது.

மதியம் இரண்டு மணிக்கு, அதே தெருவில் சலவைக் கடை வைத்திருந்தவர் ஒரு கூடையோடு உள்ளே வந்தார். கூடையிலிருந்து ஒவ்வொரு துணியாக எடுத்து மேசை மேல் விரித்தார். சிவப்புப் போர்வை ரோஜாவாகியிருந்தது. பச்சைப் பாவாடைக்குப் பூசணம் பூத்த மாதிரி இருந்தது. கடைசியாக ஒரு கருநீலச் சட்டையை எடுத்தார். அதில் உலக வரைபடத்தில் இருப்பதுபோல் அங்கங்கே வெள்ளைக் கண்டங்கள்.

"இது மேயர் சட்டை," என்றார் சலவைக்காரர். "யார் கொண்டுபோய்க் குடுக்கிறீங்க?"

மேலாளர் அவளுடைய கோப்பைக் குவியலின் அடிக்கே தள்ளிவிட்டார். இதில் அவள் செய்த தப்பு என்ன என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் எழுத்தில் கேட்க வேண்டியிருக்கும்.

அன்று சாயங்காலம் வீட்டில், வாசல் குழாய்க்கு அப்பா வேட்டித் துணியைக் கட்டித் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். துணியில் பழுப்பாக ஒரு வட்டம்.

"முகம் ஏன் இப்படி இருக்கு? அதைக் கேட்டுட்டியா?"

"கேட்டுட்டேன்."

அப்பா குழாயை மூடினார். துணியை அவிழ்த்து உதறினார். "இந்தத் தெருவுல நாப்பது வீடு. எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன், எம்பொண்ணு பர்மனென்ட் ஆகப்போறான்னு."

"இந்த நாப்பது வீடும் என்ன குடிக்குதுன்னு அந்தப் பலகையில வரணும்ப்பா. வந்தாத்தான் குழாயை மாத்துவாங்க. அவங்க சொல்ற நம்பர்ல நான் கையெழுத்துப் போட்டா, இந்தத் துணியை நீ இன்னும் முப்பது வருஷம் கட்டணும்."

"கட்டிட்டுப் போறேன். எனக்கென்ன, கை வலிக்குதா?"

அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். ஆனால் இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் மேலாளர் தன்னுடைய கடைசி ஆயுதத்தை எடுத்தார். "நம்ம தண்ணியை ஏத்த முடியல. அவங்க தண்ணியை இறக்குவோம்." டிரைவரைக் கூப்பிட்டார். "அந்த ஊர்ல எங்க கேவலமா இருக்கோ அங்க பிடிச்சுட்டு வா. பஸ் ஸ்டாண்டு கழிப்பறையில பிடி."

"ஆகட்டும் சார்," என்றார் டிரைவர். அவர் எதற்கும் மறுத்துப் பேசிப் பழகாதவர்.

மாலையில் பாட்டில் வந்தது, கூடவே படிவமும். 'இடம்: பேருந்து நிலையக் கழிப்பறை, இடது பக்கம் மூன்றாவது குழாய். குழாயின் நிலை: துரு, கைப்பிடி இல்லை. சுற்றுப்புறம்: மூக்கைப் பிடித்துக்கொண்டு பிடித்தேன்.'

அவள் சோதித்தாள். கலங்கல் அரை. குளோரின் கச்சிதம். கிருமி இல்லை.

மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். "கழிப்பறைத் தண்ணி?"

"ஆமா சார்."

"நம்ம ஆபீஸ் தண்ணியை விட நல்லாருக்கா?"

"உங்க ஆபீஸ் தண்ணியில இப்ப சட்டை வெளுக்கலாம் சார். அந்தக் கழிப்பறைத் தண்ணியில குழந்தைக்குப் பால் கரைக்கலாம்."

"மீன் சந்தை!" என்று எழுந்தார் மேலாளர். "மீன் கழுவுற இடத்துல பிடிக்கச் சொல்லு!"

மீன் சந்தையிலிருந்தும் வந்தது. 'செதில் ஒட்டியிருந்த குழாய், துடைத்துவிட்டுப் பிடித்தேன்' என்று டிரைவர் எழுதியிருந்தார். தண்ணீர் முன்னதைவிட ஒரு படி மேல். தொட்டியிலிருந்து அப்போதுதான் இறங்கியது போல் இருந்தது.

அவளுக்கு அந்த ஊர்மேல் ஒரு காதலே வந்துவிட்டது. கழிப்பறைக்கும் மீன் சந்தைக்கும் மேயர் வீட்டுக்கும் ஒரே தண்ணீரை அனுப்புகிற ஊர். அங்கே வால்வுத் தொட்டியில் மூட்டை கொட்டமாட்டார்கள். கோப்பைக் குவியலில் மேலும் கீழும் ஏற்றி இறக்கமாட்டார்கள். இரவில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்கிற, கண்ணாடி போட்ட ஒரு பெண் அங்கே இருப்பாள் என்று அவளாகவே தீர்மானித்தாள்.

"ஏதோ தப்பா இருக்கும்மா," என்றார் மேலாளர். அவர் குரல் முதல் தடவையாக இறங்கியிருந்தது. "ஒரு ஊர்ல எல்லாக் குழாயும் இப்படி இருக்காது. என் மனசு சொல்லுது."

"உங்க மனசு சொல்றதை ஃபாரத்துல எந்தக் கேள்விக்கு எதிர்ல சார் எழுதறது?"

வெள்ளிக்கிழமை மேயரே வந்தார். கருநீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். வேறு சட்டை இல்லாமல் இல்லை. சாட்சிக்குப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பின்னாலேயே பெயின்டர், கையில் தூரிகையோடு.

"டிகிரின்றது நீதானா?"

"நான்தான் சார்."

"கையெழுத்தைப் போடும்மா. நம்பரை எல்லாம் நான் பார்த்துக்கிறேன்."

"நம்பரைப் பார்க்கத்தானே சார் என்னை வெச்சிருக்கீங்க."

மேயர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் குனிந்து, குவியலின் அடியிலிருந்து அவளுடைய கோப்பை உருவினார். மேலே இருந்த கோப்புகள் எல்லாம் சரிந்து தரையில் விழுந்தன, ஒருவரும் எடுக்கவில்லை. கோப்பைத் திறந்து, பேனாவின் மூடியைக் கழற்றி, அதன் பக்கத்திலேயே மாற்றி எழுதிய அறிக்கையையும் வைத்தார்.

"ரெண்டே கையெழுத்து. இதுல நீ, இதுல நான். முடிஞ்சுது. உங்கப்பா எவ்வளவு சந்தோஷப்படுவார், யோசிச்சுப் பாரு."

அவள் யோசித்துப் பார்த்தாள். அப்பா சந்தோஷப்படுவார். துணியையும் கட்டுவார்.

தன் பையிலிருந்து இன்னொரு அறிக்கையை எடுத்தாள். சொந்தப் பேனாவில் கையெழுத்துப் போட்டு மேயரிடம் நீட்டினாள்.

மேயர் வாசித்தார். "இதுல அவங்கதானே ஜெயிச்சிருக்காங்க!"

"ஆமா சார். கழிப்பறையிலயே ஜெயிச்சிருக்காங்க."

"இது வெளிய போச்சுன்னா—"

"காலையிலயே போயிடுச்சு சார். ஒண்ணு வாசல் நோட்டீஸ் பலகையில ஒட்டியிருக்கேன், நீங்க உள்ள வரும்போது பார்க்கல. ஒண்ணு பத்திரிகைக்கு. ஒண்ணு பக்கத்து ஊர் மேயருக்கு, வாழ்த்துக் கடிதத்தோட."

பெயின்டர் தூரிகையைக் கீழே இறக்கினார். "அப்ப 'வென்றது நாமே'வை அழிக்கணுமா சார்?" என்று கேட்டார்.

"வாழ்த்துக் கடிதமா?" மேலாளர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"மூணு வாரமா பாட்டில் பிடிக்கிற இடத்தை மாத்தினீங்க. தண்ணியில மூட்டையைக் கொட்டினீங்க. பேரை மாத்தச் சொன்னீங்க. குழாயை மாத்தலாம்னு ஒருத்தருக்கும் தோணல." இன்னொரு காகிதத்தை எடுத்துத் திறந்திருந்த கோப்பின் மேல் வைத்தாள். "இது என் ராஜினாமா. நேத்தே எழுதிட்டேன். நீங்க என்னை அனுப்பறதுக்கு முன்னாடி நானே போறேன்."

"இந்த ஊர்ல உனக்கு இனிமே எவனும் வேலை குடுக்கமாட்டான்!" என்றார் மேயர்.

"நல்லதுங்க சார்."

வெள்ளை மேலங்கியைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டாள். பையைத் தோளில் மாட்டினாள். படிக்கட்டில் இரண்டிரண்டு படியாக இறங்கினாள். வாசல் பலகைக்கு முன்னால் இருபது முப்பது பேர் நின்று அவள் கையெழுத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள். "அந்த ஊர்க்காரன் குடுத்து வெச்சவன்யா," என்றார் ஒருவர். அவள் நிமிர்ந்தே நடந்தாள்.

கேட்டுக்குப் பக்கத்தில் டிரைவர் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வரேண்ணே. வேலையை விட்டுட்டேன்."

"ஐயோ, என்னம்மா சொல்ற?"

"வருத்தப்படாதீங்க. இந்த ஆபீஸ்ல ஒழுங்கா வேலை பார்த்தது நீங்களும் நானும்தான். இப்ப நேரா பஸ் ஏறி அந்த ஊருக்குத்தான் போறேன். அவங்க தண்ணித் துறையில வேலை கேக்கப் போறேன். நீங்க மூணு தடவை போயிட்டு வந்த ஆளாச்சே, பஸ் ஸ்டாண்டுல இறங்கி எந்தப் பக்கம்ணே போகணும்?"

டிரைவர் துணியைப் பிழிந்தார். கூட்டத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார்.

"எனக்கு எப்படிம்மா தெரியும்? ஜீப்பு மூணு வாரமா மேயர் வீட்டுச் சாமான் ஏத்தவே சரியா இருந்துச்சு. மூணு பாட்டிலும் நம்ம ஊர் தண்ணி டேங்குக்கு அடியில இருக்கிற எங்க வீட்டுக் குழாய்ல பிடிச்சதுதான்!"